ஜனாதிபதி அமீனாவுக்கு எழுதிய கடிதம்

மெட்ராஸ் பிளேனுக்குத்தானே அண்ணாச்சியும்? அப்போ உக்காருங்க. இன்னும் அஞ்சு மணி நேரம் கிடக்கு. அந்த நாற்காலியில சம்மணம் போட்டு உக்காந்திருந்தீங்கல்லா, அதுலயே தெரிஞ்சுக்கிட்டேன் நம்ம பக்கத்து ஆளுன்னு. எனக்குத் தென்காசிப் பக்கம். பேரு மாசிலாமணி. மக அமெரிக்காவுல வீடு வாங்கியிருக்கா. பால்காய்ப்புக்குப் போயிட்டு வாரேன்.

என்ன உத்தியோகம்னு கேக்கீங்க. சொல்லிருவேன், ஆனா முகத்தைச் சுளிக்கக் கூடாது. அமீனா. கோர்ட் அமீனா, சம்மன் குடுக்கணும், சாமானை ஜப்தி பண்ணணும். முப்பத்தாறு வருச சர்வீஸ். பாத்தீங்களா, பாத்தீங்களா! பையை அந்தப் பக்கம் நகட்டி வச்சுட்டீங்கல்லா!

உங்களைக் குத்தம் சொல்லல. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது'ன்னு ஒரு பழமொழியைச் சொல்லி வச்சிட்டான் எவனோ ஒருத்தன். எவன்னு மட்டும் தெரிஞ்சா அவன் கதவுல சம்மனை ஒட்டிட்டுத்தான் மறுவேலை பாப்பேன். நான் என்ன ஆசைப்பட்டா போறேன்? ஜட்ஜய்யா கையெழுத்துப் போட்ட உத்தரவு சட்டைப்பையில இருந்தாத்தான் படியேறுவேன். வாசல்ல நின்னு பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிடுவேன். எழுத்துமூலமா உத்தரவு இல்லாம ஒருத்தன் வீட்டுக்குள்ள நான் கால் வச்சதே கிடையாது. விக்கல் எடுத்தாக்கூட வெளியில நின்னுதான் தண்ணி வாங்கிக் குடிப்பேன்.

எங்க ஊர்ல என் கண்ணு முன்னால முப்பது வீடு எழும்பிச்சு அண்ணாச்சி. ஒரு பால்காய்ப்புக்கு எனக்குப் பத்திரிகை வந்ததில்ல. கல்யாணத்துக்குக் கூப்பிடுவான், காதுகுத்துக்குக் கூப்பிடுவான், துட்டி, சாவுன்னா கேக்கவே வேண்டாம், விடிய முன்ன ஆள் வந்துரும். பால்காய்ப்புன்னா மட்டும் 'ஐயோ மறந்துட்டேன் அண்ணாச்சி'ம்பான். எத்தனை பேருக்கு ஒரே மறதி வரும்?

சரி, ஊரான் வீடு ஊரான் வீடு. விட்டுட்டேன். இப்போ என் ஒரே மக வீடு வாங்கியிருக்கா. பேரு செண்பகவடிவு. வடிவுன்னு கூப்பிடுவோம். அவ அம்மா தவறி ஏழு வருசமாச்சு. பெத்தவன்னு நான் ஒருத்தன்தான். டிக்கெட் அவளே எடுத்து அனுப்பினா. நானும் புதுவேட்டி, பட்டுத்துண்டு எல்லாம் வாங்கிக்கிட்டு, முதல் ஆளா வலதுகாலை வச்சு உள்ள போகணும்னு ஆசையாப் போய் இறங்கினேன். இதுல தப்பு இருக்கா? நீங்களே சொல்லுங்க.

அங்க சம்மந்தியம்மா எனக்கு முன்னாலயே வந்து உக்காந்திருக்காவ. கோமதியம்மா. பூர்வீகம் நம்ம சங்கரன்கோவில்தான், ஆனா பிறந்தது வளந்தது எல்லாம் பம்பாய். வாயைத் திறந்தா 'அரே, அரே'ன்னுதான் ஆரம்பிப்பாவ. அவுகளும் மருமகன் ரகுவும் வடிவும் நானுமா, பழைய வாடகை வீட்டுல ரெண்டு ரூம்ல இருந்தோம். புது வீட்டுக்குப் போக இன்னும் பத்து நாள் இருந்துச்சு.

சும்மா இருக்க நமக்கு வராது. ஒரு நோட்டை எடுத்து அந்த வாடகை வீட்டுல என்னென்ன சாமான் எங்கெங்க இருக்குன்னு எழுதி வச்சேன். சோபா ஒண்ணு, கால் லேசா ஆட்டம். டி.வி ஒண்ணு, நல்ல நிலை. பழக்கதோசம். ஒரு ஒத்தாசைக்குத்தானே செஞ்சேன்? அதுக்கு மருமகன் ரெண்டு நாளா என்னைக் கண்டாலே சோபாவை விட்டுப் பதறி எந்திரிக்காரு. புது வீட்டுக்கும் போனேன். உள்ள போகல, பால் காய்ச்ச முன்ன போகக் கூடாதுல்லா. சன்னல் வழியா எட்டிப் பாத்துக் குறிச்சேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா போலீசுக்குப் போன் போட்டுட்டா. நல்லதுக்குக் காலமில்ல.

மூணாம் நாள் சாப்பிடும்போது சம்மந்தியம்மா தொண்டையைச் செருமினாவ. என் முகத்தைப் பாக்காம, ரசத்தைப் பாத்துச் சொல்லுதாவ: "அரே சம்மந்தி, தப்பா நினைக்காதீங்க. பெரியவங்க சொல்லியிருக்காங்க. ஆமை புகுந்த வீடும் அமீபா புகுந்த வீடும் உருப்படாதுன்னு. பால் பொங்கட்டும், அதுக்கப்புறம் நீங்க உள்ள வாங்க."

அமீபாவாம்! அண்ணாச்சி, அமீனான்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். அமீபா! கண்ணுக்கே தெரியாத ஒரு புழுவாம் அது, சாக்கடைத் தண்ணியில இருக்குமாம். வேணும்னே பேரை மாத்திச் சொல்லி அவமானப்படுத்துதாவ பாத்துக்கிடுங்க. வடிவைப் பாத்தேன். பிள்ளை குனிஞ்ச தலை நிமிரல. மாமியாருக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டு இருக்கா, பாவம். எனக்கு ரத்தம் கொதிச்சிட்டு. எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டேன். அன்னைக்கு அவியல் வேற வச்சிருந்தா. அதுவும் போச்சு.

மறுநாள் மருமகன் என்னைச் சமாதானப்படுத்த ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்த ஊர்ல ஒரு சின்ன அருங்காட்சியகம். பழைய வீட்டையே அப்படி ஆக்கி வச்சிருக்கான். காவலுக்கு ஒரு தாத்தா, வெள்ளைத் தாடி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு மங்கின காயிதம். அந்தத் தாத்தா அதைக் காட்டி என்னவோ சொன்னாரு. மருமகன் தமிழ்ல சொன்னாரு: "மாமா, இந்த நாடு உண்டான புதுசுல, ஆயிரத்தி எண்ணூத்தி ரெண்டாம் வருசம், ஜனாதிபதி ஒருத்தர் இந்தப் பக்கத்து மார்ஷலுக்கு எழுதின லெட்டர்."

மார்ஷல்னா மிலிட்டரியான்னு கேட்டேன். இல்லையாம். கோர்ட்டு ஆளாம். சம்மன் கொண்டுபோய்க் குடுக்கணுமாம். சாட்சியைக் கூட்டிட்டு வரணுமாம். கோர்ட் தீர்ப்பை நடத்தி வைக்கணுமாம். முதல் முதலா ஜனத்தொகை எடுத்ததும் அவன்தானாம், வீடுவீடாப் போய்த் தலையை எண்ணியிருக்கான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு. "மாப்ளே, இது நம்ம அமீனால்லா!" அப்படின்னு கத்திட்டேன். அந்தத் தாத்தா பயந்து போயி ரெண்டடி பின்னால போயிட்டாரு.

லெட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு வரிவரியாக் கேட்டேன். ஒரு பண்ணைக்காரனுக்குச் சம்மன் குடுக்கப் போயிருக்கான் மார்ஷல். அந்தப் பய நாயை அவுத்து விட்டுட்டான். மேல பன்னிக்கு வைக்கிற கழனித்தண்ணியையும் ஊத்திட்டான். மார்ஷல் மனசு நொந்து, எனக்கு இந்த வேலையே வேண்டாம்னு ஜனாதிபதிக்கு எழுதிட்டான். அதுக்கு இவரு பதில். உம்ம வருத்தம் எனக்குத் தெரியும், நீரு இல்லேன்னா கோர்ட் தீர்ப்பு வெறும் காயிதம்தான், தலைநகரத்துக்கு வரும்போது நம்ம வீட்டுக்கு வந்து ஒருவேளை சாப்பிட்டுப் போம், அப்படின்னு.

நாயும் கழனித்தண்ணியும் எனக்குப் புதுசா? பாவூர்சத்திரம் பக்கத்துல ஒருத்தி என் மேல புளிச்ச மாவையே ஊத்தியிருக்கா. எனக்கு எந்த ஜனாதிபதி எழுதினான்? கடைசியில கையெழுத்துக்கு மேல என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். மருமகன் தயங்கினாரு. "தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள, தாழ்மையான ஊழியன்"னு இருக்காம்! ஜனாதிபதி, அமீனாவுக்கு! நான் கண்ணாடிப் பெட்டியில நெத்தியை வச்சு அழுதுட்டேன் அண்ணாச்சி. "மாமா, அந்தக் காலத்துல எல்லா லெட்டர்லயும் அப்படித்தான் போடுவாங்க, அது சும்மா ஒரு மரியாதை"ன்னாரு மருமகன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும், மனுசன் மனசு தெரியுமா? அந்தத் தாத்தா நான் அழுததைப் பாத்து, லெட்டரை நகல் எடுத்துக் கையில குடுத்தாரு.

நேரா வீட்டுக்கு வந்தேன். சம்மந்தியம்மா முன்னால விரிச்சேன். "பாருங்க! இந்த நாட்டு ஜனாதிபதியே அமீனாவைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காரு! அந்த வீடு உருப்படாமலா போச்சு?" அம்மா லெட்டரை வாங்கல. கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாவ. கீழ்த்தண்டைக் கிள்ளிக்கிட்டே கேக்காவ: "எண்ணூத்தி ரெண்டா? ரகு, அந்த வெள்ளை மாளிகையை எதிரிங்க வந்து கொளுத்தினதா சொன்னியே, எப்போ?"

மருமகன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "எண்ணூத்திப் பதினாலு"ன்னுட்டாரு.

"பன்னெண்டு வருசம் தாங்கியிருக்கு"ன்னு சொல்லிட்டு அம்மா அடுத்த கட்டுக் கீரையை எடுத்துட்டாவ.

அண்ணாச்சி, நீங்களே சிரிக்கீங்க! பன்னெண்டு வருசம் கழிச்சு இங்கிலீஸ்காரன் வந்து தீ வச்சா அதுக்கு அமீனாவா பொறுப்பு? அவன் சாப்பிடப் போனானோ போகலையோ, அதுவே தெரியாது. நான் ரெண்டு நாள் சம்மந்தியம்மாகூடப் பேசல. காப்பி வேணும்னாக்கூட மருமகன்கிட்டச் சொல்லி விடுவேன், அவுக பக்கத்துலயேதான் இருப்பாவ. 'காப்பி கேக்காங்க'ன்னு மருமகன் சொல்லுவாரு, 'போட்டுட்டேன்னு சொல்லு'ன்னு அவுக சொல்லுவாவ.

பால்காய்ப்பு வந்துச்சு. ஐப்பசி மாசம், அங்க இப்பவே குளிர் எலும்பைக் கடிக்குது. வடிவுகூட வேலை பாக்கிற நம்ம ஆளுக ஒரு பதினஞ்சு பேர் வந்திருந்தாங்க. எங்கிருந்தோ ஒரு ஐயரும் கார் ஓட்டிக்கிட்டு வந்தாரு. எனக்கு எங்க எடம் தெரியுமா? காரேஜ்! கார் நிறுத்துத ரூம். அது வீட்டுல சேராதாம், அதனால அங்க உக்காரலாமாம். வீட்டோட ஒட்டின கட்டடம் வீட்டுல சேர்ந்ததுதான்னு நான் சட்டம் பேசினேன். எடுபடல. ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க் காப்பி. குளிரும்னு மருமகன் ஷட்டரை இறக்கிட்டுப் போயிட்டாரு. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை ஏன் காயுதும்பாங்க. பட்டுத்துண்டோட அங்க கிடந்த ரெண்டு டயருக்கு நடுவுல உக்காந்திருந்தேன். வீட்டுக்குள்ள போறதுக்கு அங்கேயிருந்து ஒரு கதவு இருக்கு. பூட்டக்கூட இல்ல. நான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்கல. ரோசம்னு ஒண்ணு இருக்குல்லா.

உள்ள மந்திரம் கேக்குது. ஹோமப்புகை கதவிடுக்கு வழியா வருது. திடீர்னு வீட்டுக்குள்ள ஒரு சத்தம் பாருங்க, காதைப் பிளக்குது. புகை வந்தா அலறுத ஒரு பெட்டியை அங்க ரூமுக்கு ரூம் மாட்டி வச்சிருக்கான். தீ பிடிச்சிட்டுன்னு ஒருத்தி கத்திட்டா. அவ்வளவுதான், ஐயர் முதற்கொண்டு அத்தனை பேரும் தெருவுக்கு ஓடிட்டாங்க. ஓடினதும் வாசக்கதவு தன்னால சாத்திப் பூட்டிக்கிடுச்சு. அதைத் திறக்கணும்னா மருமகன் போன் வேணும். போன் உள்ள, சாமி படத்துக்குப் பக்கத்துல. அடுப்புல பால்.

அப்புறம் ஷட்டர்ல தடதடன்னு தட்டுதாங்க. மருமகன் குரல்: "மாமா, சுவர்ல வெள்ளைப் பொத்தான் இருக்கு, அமுக்குங்க!"

"அடுத்தவங்க சொத்துல நான் எதையும் உத்தரவு இல்லாமத் தொட மாட்டேன் மாப்ளே"ன்னேன்.

"சம்மந்தி!" கோமதியம்மா குரல். "உங்க பக்கத்துக் கதவு திறந்துதான் இருக்கு. உள்ள போயி அடுப்பை அணைங்க! பால் கருகுது!"

நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கல. "சம்மந்தியம்மா, எழுத்துமூலமா உத்தரவு வேணும். அது இல்லாம ஒரு வீட்டுக்குள்ள நான் கால் வைக்க முடியாது. முப்பத்தாறு வருச சர்வீஸ்ல வச்சதில்ல."

வெளியில ஒரே கூச்சல். கொஞ்ச நேரத்துல ஷட்டருக்கு அடியில ஒரு காயிதத் தட்டு சறுக்கிக்கிட்டு உள்ள வருது. பின்பக்கம் எழுதியிருக்கு. கண்மையால எழுதியிருக்கு. பாத்தா இந்தி! அண்ணாச்சி, எனக்கு, இந்தியில! "இது செல்லாது, தமிழ்ல வேணும்"னு திருப்பித் தள்ளிட்டேன். எனக்குத் தமிழ் எழுத வராதுன்னு அவுக ஒப்பாரி வைக்காவ. அடுத்த தட்டு இங்கிலீஸ்ல வந்துச்சு. மருமகன் கையெழுத்து. "வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?"ன்னு கேட்டேன். வடிவு பேர்லதான். "அப்போ உரிமையாளர் கையெழுத்து வேணும்"னேன். முறைன்னா முறைதானே? அந்தப் பெட்டி அலறிக்கிட்டே கிடக்கு. பால் கருகுத வாசம் எனக்கே வந்துட்டு. ஆனா வெளியில திடீர்னு ஒருத்தரும் பேசல. ரொம்ப நேரம் பேசல. நான் பேனா தேடுதாங்கன்னு நினைச்சேன்.

மூணாவது தட்டு வந்துச்சு. தமிழ். எழுத்து கோணல்மாணலா ஆடுது. "அப்பா, உள்ள வாங்க. வடிவு." அவ்வளவுதான். தாழ்மையும் இல்ல, ஊழியனும் இல்ல.

என்னவோ செஞ்சிட்டு அண்ணாச்சி. அதை மடிச்சுச் சட்டைப்பையில வச்சேன். துண்டை இழுத்துக் கட்டினேன். வலதுகாலை வச்சேன். நேரா அடுக்களைக்குப் போயி அடுப்பை அணைச்சேன். பால் பொங்கி வழிஞ்சு, அடி பிடிச்சு, பாதிதான் மிச்சம். அந்தப் பெட்டியைத் துண்டால நாலு போடு போட்டேன், அடங்கிட்டு. அப்புறம் போயி வாசக்கதவைத் திறந்தேன். அத்தனை பேரும் வெளியில நிக்காங்க, குளிர்ல, வெறுங்காலோட. நான் உள்ள நிக்கேன். கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க, எல்லாரும் உள்ள வாங்க"ன்னேன். பால்காய்ப்புக்கு வந்தவங்களை வாசல்ல நின்னு கூப்பிட்ட அமீனா இந்த உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். கோமதியம்மா என்னைத் தாண்டி உள்ள போகும்போது, "பொங்கிட்டுல்லா, நல்ல சகுனம்தான்"னு முணுமுணுத்தாவ. ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன்.

எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுது. நேத்து சாயங்காலம் சம்மந்தியம்மா எனக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் கட்டிக் குடுத்தாவ. நான் கொஞ்சம் கெத்தாவே கேட்டேன், "இப்போ சொல்லுங்க, இனிமே அந்தப் பழமொழியைச் சொல்லுவீங்களா?"

அவுக ஊறுகாய் மூடியைத் திருகிக்கிட்டே சொன்னாவ. "அரே சம்மந்தி, எனக்கு அந்தப் பழமொழியே தெரியாது. பம்பாயில யாரு ஆமையைக் கண்டது? வடிவுதான் சொல்லிக் குடுத்தா. நான் சொன்னா அப்பா மனசு உடைஞ்சிருவாரு, நீங்க சொன்னா சண்டைதான் போடுவாரு, நீங்களே சொல்லிருங்க அத்தைன்னு அழுதா. ரெண்டு நாள் மனப்பாடம் பண்ணேன். அப்பவும் ஒரு வார்த்தை தப்பா வந்துட்டுன்னு அப்புறமா ரகு சொன்னான்."

பத்து நாளா நான் அந்த அம்மாவை மனசுக்குள்ள என்னவெல்லாம் ஏசியிருக்கேன். அவுக பாட்டுக்கு வடிவுக்காகத் தலையைக் குடுத்துட்டு, எனக்குத் தினமும் காப்பியும் போட்டிருக்காவ.

இன்னைக்கு வடிவுதான் கார் ஓட்டி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. பாதி தூரம் வந்தாச்சு. அப்புறம் கேட்டேன். "ஏட்டி, நீயுமா அதை நம்புத?"

ரோட்டையே பாத்துக்கிட்டுச் சொன்னா. "எல்லாரும் அந்தப் பழமொழியை அடுத்தவங்க வீட்டுக்குத்தான் சொல்லுதாங்க. நீங்க தினமும் சாயங்காலம் வந்து புகுந்தது நம்ம வீட்டுலதானப்பா? பதினோரு வாடகை வீடு மாறினோம். ஒவ்வொரு தடவையும் அம்மா, அடுத்தது நம்ம சொந்த வீடுட்டின்னு சொல்லுவா. சொல்லிச் சொல்லியே போயிட்டா. நான் சின்னப் பிள்ளைல இருந்தே நினைச்சிக்கிட்டேன், அதனாலதான்னு. இந்த வீடாவது நிலைக்கணும்னு பயந்துட்டேன். தப்புத்தான்."

ஆமை புகுந்த வீடு இல்ல, அமீனா புகுந்த வீடு எங்க வீடுதான். முப்பத்தாறு வருசத்துல எனக்கு இது தோணினதே இல்ல அண்ணாச்சி. ஊர்ல இருக்கவன் வீட்டையெல்லாம் எண்ணினேன், என் வீட்டை எண்ணல.

மறுபடியும் கேட்டேன். "அப்போ அன்னைக்கு ஏம்மா கையெழுத்துப் போட்டே?"

"பால் கருகுதேன்னுதான் போட்டேன். கை வரவே இல்லப்பா. நீங்க உள்ள போயிக் கதவைத் திறக்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டே நின்னேன்" அப்படின்னா. அப்புறம் சிரிக்கா, கண்ணுல தண்ணி ஓடுது, கார் வேற ஓட்டுதா. "திறந்து பாத்தா, வீடு அப்படியேதான் இருந்துச்சுப்பா. உள்ள நீங்க நின்னீங்க."